ஆமேலெ ஃபோன் மாடி

திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்கு வாந்தி வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு வந்தது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் அவர். கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கயிற்றில் சாய்ந்துகொண்டு கீழே நிற்பவர்களைத் திட்டக்கூடிய மனிதர். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்க, நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளைவு எப்போது என்று எட்டி எட்டிப் பார்த்தேன். இதை நான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம் அது. எனக்கு இருபத்தொரு வயது. கோபியில் பிறந்து, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்கு எடுக்கப்பட்டிருந்தேன். அந்த வேலைக்கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருந்ததை அம்மா பார்த்துவிட்டு, "தாலி மாதிரி வெச்சிருக்கறா பாரு" என்றாள். அப்பா கடிதத்தை ஒரே முறை படித்தார். காவிரித் தகராறு நடந்த சமயத்தில் அந்தப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்களை அவர் பார்த்திருந்தார். வழியெல்லாம் காடு வேறு. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

"சித்தி ஊட்ல இருக்கற வரைக்கும் வேல. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது, ஆமா."

அம்மாவின் தங்கை வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். குவார்ட்டர்ஸில் எனக்கு ஒரு மூலை கிடைத்தது. அப்பா மறுநாளே பஸ் ஏறினார், வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரங்களில் நான் நடக்கவில்லை, ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மைசூரில் எனக்கு முதலில் பிடித்தது வேர்க்காததுதான். காலையில் போட்ட பின்னல் சாயங்காலம் வரை அப்படியே நின்றது. ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டவர்களைப் பார்த்து நான் சிரித்தேன்; அடுத்த வாரம் சித்தியின் ஸ்வெட்டரை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் வாடகை சைக்கிள். எந்தத் தெரு எங்கே போய் முடிகிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. செட் தோசை என்று ஒன்று இருந்தது: ஒரே தட்டில் மூன்று தோசை, பஞ்சு மாதிரி, ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஓட்டை. அதை ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து தின்றேன். தனியாக! கோபியில் ஆறரைக்கு மேல் தெருமுனையில் நின்றால் மூன்று பேர் மூன்று திசையிலிருந்து அப்பாவிடம் போய்ச் சொல்வார்கள். இங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. தெரியாத தெருவில், தெரியாத மொழியில் எழுதிய பலகைகளுக்குக் கீழே, அவசரமில்லாமல் நடந்து போகலாம். ஒரு தடவை அதை ருசி பார்த்தவளைத் திரும்ப வீட்டுக்குள் உட்கார வைப்பது கஷ்டம்.

வேலையும் அப்படித்தான். நீளமான மேஜை, வரிசையாகச் சர்க்யூட் பலகைகள், மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்ததும் முள் துள்ளும். துள்ளவில்லை என்றால் எங்கேயோ ஒரு ஈயப் பற்று விட்டிருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பொழுது போவதே தெரியாது.

பக்கத்து நாற்காலிக்காரி மார்டள்ளிக்காரி. கர்நாடகத்துக்குள்ளேயே, எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ் ஊர் அது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அதனால் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் கொண்டு போய் நிறுத்துவாள். கன்னடத்துக்காரிகள் தோழியைக் கூப்பிடுகிற 'கணே' என்ற ஒட்டு அவள் தமிழில் வாக்கியத்துக்கு ஒன்று விழும். என்னுடைய கன்னடம் முழுக்க அவளிடமிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடுங்கியது. பால் என்றால் ஹாலு. பத்து ஹத்து. பல்லு ஹல்லு. பூ ஹூவு. நான்காம் நாளே நான் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்: தமிழின் 'ப'வை எடுத்துவிட்டு 'ஹ' போட்டால் கன்னடம். இவ்வளவு சுலபமான மொழியை வைத்துக்கொண்டா இத்தனை பேர் பயப்படுகிறார்கள்? நேராக ஸ்டோருக்குப் போய், "ஒந்து ஹென்சில் கொடி" என்றேன்.

ஸ்டோர்காரர் நல்லவர். அலமாரியில் அரை நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு, "ஹென்சில் ஸ்டாக் இல்லம்மா" என்றார்.

"பென்சில் எல்லா ஊர்லயும் பென்சில்தான் கணே!" என்று மார்டள்ளிக்காரி மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "மெதுவாப் போ. நாலு வார்த்த தெரிஞ்சதும் நாப்பது பேசற."

நான் மெதுவாகப் போகிற ரகம் இல்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் சித்தப்பா ஒரு காகிதத்தோடு வந்தார். ஹூப்ளிக்கு மாற்றல். மாத முடிவுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சித்தி பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். எனக்கு அப்பாவின் நிபந்தனை காதில் அடித்தது. ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் கௌரவமான இடமாக ஒரு வீடு பிடிக்க வேண்டும், அப்பாவையும் சம்மதிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நானும் சித்தியின் சாக்குகளோடு ஒரு சாக்கு. நான் போகும் திசை மட்டும் வேறு.

மார்டள்ளிக்காரிக்கும் வீடு தேவைப்பட்டது. ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கும் விடுதியில் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எடுப்பதென்று முடிவு செய்தோம். மறுநாளே கம்பெனி பஸ்ஸில் சேதியோடு வந்தாள்.

"விஜயநகர்ல ஒரு மனெ காலியா இருக்குதாம் கணே."

"வெறும் மனைய வெச்சுட்டு என்ன பண்றது? கூடாரமா போடறது?" என்றேன். எங்களுக்கு மனை என்றால் வீடு கட்டாத வெற்று நிலம்.

"அய்யோ, மனெ அந்த்ரெ வீடு! வெறும் நிலத்துக்கு இங்க 'சைட்'டும்பாங்க. மாடி வீடாம், வெள்ளையடிக்கறாங்களாம். நம்ம கம்பெனிக்கு நடந்தே வந்தரலாம். ஆனா வீட்டுக்காரரு ஒரு மாதிரியாம். நீ தனியாப் போயிராத. சனிக்கெழம ஷிப்ட் முடிஞ்சு நானும் வர்றேன், சேர்ந்து போலாம். நான் பேசறேன்."

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளில் வேறு யாராவது வந்து எடுத்துவிட்டால்? அன்றைக்குச் சாயங்காலமே நான் விஜயநகரில் இருந்தேன்.

அப்போது அது பாதி ஊர், பாதி கட்டுமானம். ஒரு வீடு, நான்கு காலி நிலம், மறுபடி ஒரு வீடு. செங்கல் அடுக்குகளுக்கு நடுவே அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கேட்டில் ஃபோன் நம்பரோடு 'டு லெட்' பலகை தொங்கியது. வீட்டுக்காரர் ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். ஏதோ பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. அந்த அதட்டல் மட்டும் ஓய்வு பெறவில்லை. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என்னையும், என் பின்னால் ஆள் யாரும் இல்லாததையும் பார்த்தார். ஸ்கூட்டரை உதைத்தார். அந்தச் சத்தத்தில் சொன்னார்:

"ஈக டைம் இல்லா. ஆமேலெ ஃபோன் மாடி."

ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினார், போய்விட்டார்.

நான் நின்று யோசித்தேன். 'ஈக டைம் இல்லா' புரிந்தது: இப்போது நேரமில்லை. மிச்சம்? ஆ... மேலே... ஃபோன்... மாடி. சந்தேகமே இல்லை. மேலே மாடியில் ஃபோன் இருக்கிறது. கையைக்கூட மேலே காட்டினாரே! அங்கே போய்ப் பேசச் சொல்கிறார். யாரிடம் என்பது போனால் தெரியும்.

கன்னடத்தில் 'மாடு' என்றால் 'செய்' என்று தோழி சொல்லிக் கொடுத்திருந்தாள். மரியாதை சேர்த்தால் அந்த மாடு 'மாடி' ஆகிவிடும் என்பதைச் சொல்லவில்லை. 'ஆமேலெ' என்றால் 'அப்புறம்' என்பதையும் சொல்லவில்லை. மனிதர் சொன்னது இவ்வளவுதான்: அப்புறமாக ஃபோன் பண்ணுங்கள். எளிமையாக, மரியாதையாக, என்னைப் போகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் வெளிப்படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தேன்.

மாடியில் கதவு திறந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. ஒரு அம்மா தரையில் குந்தி உட்கார்ந்து, சிந்திக் காய்ந்துபோன சுண்ணாம்புத் துளிகளைத் தகரத் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் மனைவி. என்னைப் பார்த்ததும் நெற்றி முடியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"யஜமான்ரு களிசித்ரா?"

அவர் அனுப்பினாரா என்கிறார். "ஹௌது, ஹௌது!" என்றேன், ஆமாம், ஆமாம் என்று. அதைவிட உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை.

அந்த அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. கணவர் ஒத்துக்கொண்டு மேலே அனுப்பினார் என்றால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி என்று நினைத்திருக்கிறார், பாவம். எழுந்து வீட்டைக் காட்டினார். ஒரு ஹால். ஒரு அறை. நின்று சமைக்கும் மேடை. குழாயைத் திறந்து காட்டினார், தண்ணீர் வந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். பின்னால் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே காலி நிலங்கள், அவற்றுக்கு அப்பால் எங்கள் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் மறுபடி சுரண்ட உட்கார்ந்ததும் நானும் ஒரு தகரத் துண்டை எடுத்துக்கொண்டு எதிர் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். அரை மணி நேரம். அவர் கன்னடத்தில் ஏதோ சொல்வார், நான் தமிழில் ஏதோ சொல்வேன், இரண்டு தகரமும் கீச்சிடும். பாதி ஹால் சுத்தமாகிவிட்டது.

அப்போதுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

"ஃபோன் எல்லி?" எங்கே என்று கேட்டேன்.

"கெளகெ" என்று கீழே கையைக் காட்டினார்.

கீழேயா? சரி, இந்த வீட்டு வழக்கம் அப்படிப் போல. அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஹாலில், பூப்போட்ட துணி போர்த்திய ஃபோனுக்கு முன்னால் நிறுத்தினார். துணியை விலக்கி, ரிசீவரை எடுத்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்குத் தகவல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தார். நான் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கொர்ர் என்ற சத்தம். யாரைக் கூப்பிடுவது? யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அப்புறம் ஃபோன் பண்ணச் சொல்லி அனுப்பிய பெண், தன் ஹாலில், தன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, கையெல்லாம் சுண்ணாம்பாக நிற்பதைப் பார்த்தார்.

"யாரிகெ மாட்தித்தீரி?"

யாருக்குப் பண்ணுகிறீர்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்.

"நிமகே." உங்களுக்குத்தான்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். நான் ரிசீவரைப் பார்த்தேன்.

"நானு ஃபோன் மாடி அந்த்ரெ, நம்மனெ ஃபோனிந்தானே மாடோதா?" ஃபோன் பண்ணச் சொன்னால் எங்கள் வீட்டு ஃபோனிலிருந்தேவா பண்ணுவது என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துச் செங்கல் அடுக்கு சரிந்திருக்கும். நான் மேலே கையைக் காட்டினேன், படிக்கட்டைக் காட்டினேன், "நீங்கதானே, மேலே! மாடி! மாடி!" என்று கத்தினேன். அவர், "மாடி, ஹௌது, மாடி அந்தெ!" ஆமாம், மாடி என்றுதான் சொன்னேன் என்று பதிலுக்குக் கத்தினார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு சண்டை போட்டோம்.

அந்த அம்மாவுக்குத்தான் முதலில் வெளிச்சம் வந்தது. தெருவில் கட்டட வேலைக்கு வரும் தமிழ்ப் பெண்களோடு பேசிப் பழகியவர். "ரீ, தமிழல்லி மாடி அந்த்ரெ மஹடி!" என்று கணவரிடம் சொன்னார். தமிழில் மாடி என்றால் மேல்தளம். சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் குரல் இறங்கியது. குடும்பத்துக்கு மட்டும்தான் வீடு, பெண்கள் தனியாக இருப்பது தனக்குச் சரிப்படாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாதி சுத்தமான மாடித் தரையைப் பற்றி என்னவோ கடுமையாகச் சொன்னார். கொஞ்ச நேரம் அங்கே கன்னடம் மிக வேகமாக ஓடியது. கடைசியில் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நிம்ம தந்தெ பரலி."

உங்கள் அப்பா வரட்டும்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் தோழி என்னைக் கிழித்தாள். "நில்லுன்னு சொன்னனா இல்லையா கணே? நாலு நாளு பொறுக்க முடியலயா?" பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "ஆனா ஒண்ணு. நான் வந்திருந்தா அவரு சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும். கேட்லயே 'சரி சார்'னு சொல்லிட்டுத் திரும்பி வந்திருப்போம்."

அன்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவின் ஆபீசுக்குப் பேசினேன். சித்தப்பாவின் மாற்றல் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம வாரேன் அம்மிணி. அவிக சாமான் ஏத்தற அன்னிக்கே உன்னையுங் கூட்டியாந்தர்றேன்."

"ஊடு பாத்துட்டேனுங்கப்பா. ஊட்டுக்காரரு உங்களப் பாக்கோணுங்கறாரு."

கட்டணம் காட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடின.

"பாத்தாப் போச்சு. வேண்டாம்னு மொகத்துக்கு நேரா சொல்லிப்போட்டு வந்தரலாம். அதுதான் மொற."

ஞாயிற்றுக்கிழமை அப்பா முகம் வெளிறிப்போய் பஸ்ஸிலிருந்து இறங்கினார். சட்டைப்பையில் வழக்கம்போல் பேனாவும் டெஸ்டரும். தோழி முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தாள், வீட்டில் விசேஷம். ஆக மொழிபெயர்க்க ஒரே ஆள்தான் இருந்தது: நான். ஒரு மாதக் கன்னடத்தோடு.

ஹாலில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராக. அப்பா ஒன்றில், வீட்டுக்காரர் ஒன்றில். இருவரும் ஒரே மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றார். அப்பா ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இருட்டுவதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும். பஸ் எங்கள் இருவருக்கும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

வீட்டுக்காரர் நேராக ஆரம்பித்தார். "நிமகெ ஒப்பிகெனா?"

"உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறாருங்கப்பா."

அப்பா காப்பியை ஒரு வாய் குடித்தார். "எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லு."

 இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரிலேயே, இந்த நிமிடத்தில், இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று தோன்றியது. நினைத்துப் பார்க்க நேரம் கொடுக்காமல் வாய் ஓடிவிட்டது.

"நம்மப்பங்கெ தும்பா சந்தோஷா!" எங்கப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

வீட்டுக்காரர் புருவத்தைச் சுருக்கினார். "இஷ்ட இல்லா அந்த்ரல்லா?"

இஷ்டமில்லை என்றாரே என்கிறார். அதே சமயம் இந்தப் பக்கத்திலிருந்து அப்பா: "சந்தோஷமா? நா எங்க சந்தோஷம்னேன்?"

இரண்டு மொழியிலும் இஷ்டம் இஷ்டம்தான், இல்லை இல்லைதான், சந்தோஷமும் சந்தோஷம்தான். பொய் சொல்வதற்கு இருக்கிற சொற்களிலேயே இருவருக்கும் தெரிந்த சொல்லாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. நிலைப்படியிலிருந்து அந்த அம்மாவின் முந்தானை வாய்க்குப் போனது.

வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். என்னை விட்டுவிட்டு நேராக அப்பாவிடம், நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "நனகூ இஷ்ட இல்லா, சார்."

"பாத்தியா! அவருக்கும் இஷ்டமில்லையாம்" என்றார் அப்பா, என்னவோ பெரிய ஆதரவு கிடைத்த மாதிரி. அந்த மனிதரைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். அவரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரே விஷயமாக நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஹுடுகி ஏன் ஹேள்தாளெ?" பெண் என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா நிலைப்படியிலிருந்து கேட்டார். சத்தமாக.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.  முதலில் அப்பாவிடம் சொன்னேன். "பொய் சொன்னது தப்புத்தானுங்கப்பா. ஆனா நான் வரலைங்க. எனக்கு இந்த வேல வேணும், இந்த ஊரு வேணும்." பிறகு அந்தப் பக்கம் திரும்பினேன். கன்னடத்தில் அவ்வளவு வராது. "நானு ஹோகல்லா" என்றேன். போக மாட்டேன்.

 அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாடியக் காட்டச் சொல்லு."

மாடியில் அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்க்கவில்லை. நேராக ஸ்விட்ச் போர்டுக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வைத்தார். இங்கே வைத்தார், அங்கே வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். உச்சுக்கொட்டினார். வீட்டுக்காரர் முகம் மாறிக்கொண்டே வந்தது. தானே நின்று கட்டிய வீடு.

"எர்த்து எங்கன்னு கேளு."

"எர்த் எல்லி?" என்றேன்.

"அர்த்தா?" என்றார் அவர்.

"அர்த்தம் இல்லைங்க! எர்த்து!"

அப்பா பொறுக்கவில்லை. என்னை ஒதுக்கிவிட்டுத் தானே வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், டெஸ்டர் எரியக்கூடாத இடத்தில் எரிவதைக் காட்டினார். ஃபோர்மன் குனிந்து பார்த்தார். கீழே போய் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டுவந்தார். மெயினை அணைத்தார்கள். போர்டைக் கழற்றினார்கள். இரண்டு பேரும் தரையில் குந்தி, சுவரின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு, ஒருவர் தமிழிலும் ஒருவர் கன்னடத்திலும் வயரிங் போட்டவனைத் திட்டினார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்பா திரும்பாமலே சொன்னார்: "இந்த ஒயர வெச்சுட்டு ரெண்டு பொண்ணுக ஹீட்டரப் போட்டா என்னாகும்னு அவரக் கேளு."

ரெண்டு பொண்ணுக. நான் அதை ஒரு எழுத்து விடாமல், ஒரு எழுத்து சேர்க்காமல் கன்னடத்தில் சொன்னேன். இலக்கணம் எப்படி இருந்ததோ. வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

இருவரும் வயர் வாங்கப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கடை எது என்பதைப் பற்றி இவருக்கு அவர் என்ன சொன்னார், அதற்கு இவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அப்பா பின் சீட்டில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேல் குனிந்து ஏதோ கத்திக்கொண்டே போனதைப் பார்த்தேன். வீட்டில் கரண்ட் இல்லை. கீழே மிக்ஸியில் பாதி அரைத்த சட்னி. அந்த அம்மா அதைக் காட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு மாடிக்கு வந்தார். மீதித் தரையைச் சுரண்டி முடித்தோம். ஒரு மணி பஸ் போய்விட்டது.

மூன்று மணி பஸ்ஸுக்கு நான் அப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் கைகளில் சுண்ணாம்பும் கறுப்பு டேப்பின் பிசினும். வழியெல்லாம் எர்த் குழி தோண்டுவதைப் பற்றியே பேசினார். கரியும் உப்பும் எத்தனை அடுக்கு போட வேண்டும், வீட்டுக்காரர் ஒழுங்காகப் போடுகிறாரா என்று நான் பார்க்க வேண்டும். வேறு எதையும் சொல்லவில்லை. நான் கேட்கவும் பயந்தேன். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போதே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் கீழே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்டக்டர் வந்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு விரலைக் காட்டினார்.

"எரடா?"

"ஒண்ணு" என்றார் அப்பா. "சத்தியமங்கலம், ஒண்ணே ஒண்ணு."